வலன்ரைனின் வைப்பர் ஸ்விச்

அடம்பனில் வலன்ரைனின் வானை அறியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடப் பிள்ளைகளை மன்னார் பட்டினத்துக்கு ஏற்றி இறக்கும் வெள்ளை வான் அது. வெள்ளை என்று நாமாகச் சொல்லிக்கொள்வதுதான். உப்புக் காற்று தின்றதுபோக மிஞ்சியதை எந்த நிறத்தில் சேர்ப்பதென்று எனக்குத் தெரியாது. மனுசனுக்கோ அதுதான் உயிர். டாஷ்போட்டின் நடுவில் நிற்கும் மடு மாதா சுரூபத்தைத் துடைக்காமல் காலையில் சாவியைத் திருப்பமாட்டார். சுரூபத்தை இறுக்கியிருக்கும் திருகாணிக்குக்கூட எண்ணெய் பூசுவார்.

ஒருநாள் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்த வைப்பர் ஸ்விச் கையோடு கழன்று வந்துவிட்டது. அந்தச் சாமான் கொழும்பிலும் கிடைக்கவில்லை. மன்னாரில் வாகனங்களுக்கு வயரிங் செய்கிற ஹலீம் என்ற இளந்தாரி, டாஷ்போட்டில் தனியாக ஒரு ஸ்விச்சைப் பூட்டிக் கொடுத்தான். அந்த மாரி முழுக்க அது ஒழுங்காக வேலை செய்தது.

வில்லங்கம் ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தின் கடைசியில் வந்தது. பங்குனியில் யாரும் எதிர்பாராத மழை. மன்னார் பட்டினம் இருக்கும் தீவுக்குக் கடலின் நடுவால் போகும் தாம்போதியின் நடுவில், இரண்டு பக்கமும் கடல், உள்ளே நிறையப் பிள்ளைகள், வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் ஹோர்னை அலறவிட்டபடி உரசுகிற மாதிரி விலகிப் போனது. பிள்ளைகள் கத்தினார்கள். வலன்ரைன் தலையை வெளியே நீட்டி, தெப்பமாக நனைந்து, வானை ஊர்ந்து ஊர்ந்து கரை சேர்த்தார்.

பின்னேரம் அவர் திரும்பி வருமுன்பே செய்தி அடம்பனுக்கு வந்திருந்தது. சந்தையில் தேங்காய் விற்கும் சரீபா தன் வீட்டுப் படலையடியில் காத்து நின்றார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த வானில்தான் போகிறவர்கள்.

“அண்ணன், குறை நினைக்காதீங்கோ. நாளையில இருந்து என்ர பிள்ளையள் பஸ்ஸில போகட்டும்.”

சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கலாம். அவர் மெதுவாகத்தான் சொன்னார். இத்தனை வருசத்தில் ஒரு பிள்ளையின் முழங்கால்கூட வலன்ரைனின் வானில் சிராய்த்ததில்லை. இன்றைக்கு இந்தத் தாய், நாளைக்கு மற்றத் தாய்மாரும் இதையே சொல்லுவார்கள். அவரை நம்பிப் பிள்ளையை ஏற்றிவிட ஊரில் யாரும் இருக்கமாட்டார்கள்.

கோபமெல்லாம் ஹலீம்மேல் திரும்பியது. “வயர் பூட்டச் சொன்னா, வலையெல்லோ பின்னிவச்சிருக்கிறான்!” என்று காண்பவர்களிடமெல்லாம் சொன்னார். பியூஸை மாற்றினார். புது ஸ்விச் வாங்கித் தானே பூட்டினார். பற்றரியிலிருந்து மோட்டருக்கு நேராக வயர் கொடுத்துப் பார்த்தார், அது சுகமாகச் சுற்றியது. ஆனால் ஸ்விச்சைத் தட்டினால் சில நேரம் ஓடும், சில நேரம் அசையாது. அதிலும் ஒரு விசித்திரம். அடம்பன் உள்பாதையில் குண்டிலும் குழியிலும் துள்ளும்போது அருமையாக ஓடும். கார்ப்பட் றோட்டில் ஏறினால் நின்றுவிடும். நல்ல பாதையைக் கண்டு முரண்டுபிடிக்கும் சாமானை அவர் அதுவரை கண்டதில்லை.

“இஞ்சேருங்கோ, திட்டுறதை அவனுக்கு முன்னால போய்த் திட்டுங்கோ. எனக்குக் காது போகுது,” என்றார் மனைவி எடித்.

வலன்ரைன் போனார். ஹலீமின் கராஜ் வாசலில் வைப்பர் நல்ல பிள்ளையாக ஓடியது. ஹலீம் சிரித்துவிட்டான். வலன்ரைனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. “சிரிக்காதை. ஏறு, ஓடிப் பாப்பம்!”

கார்ப்பட் றோட்டில் ஏறிச் சிறிது தூரத்தில் வைப்பர் நின்றது. ஹலீம் அதைப் பார்க்கவில்லை. டாஷ்போட்டின் நடுவில் இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணன், மாதா எங்க?”

“வீட்டில. தபசுகாலமெல்லோ, கோயில்ல சுரூபமெல்லாம் ஊதாத் துணியால மூடியாச்சு. நானும் கழட்டிக்கொண்டுபோய் வீட்டில மூடி வச்சிருக்கிறன். வருசா வருசம் செய்யிறதுதானே.”

“திருகாணியையும் சேத்தா?”

“திருகாணி இல்லாம எப்பிடிக் கழட்டுறது?”

ஹலீம் தலையில் கையை வைத்தான். வானை ஓரமாக நிறுத்தச் சொல்லி, டாஷ்போட்டுக்குக் கீழே நுழைந்து ஒரு கறுப்பு வயரை இழுத்துக் காட்டினான். நுனியில் ஒரு சிறு வளையம் தொங்கியது.

“வைப்பருக்கு ஏர்த் இதுதான் அண்ணன். இது இரும்பில ஒட்டி நிண்டாத்தான் ஸ்விச் வேலை செய்யும். மாதாவின்ர திருகாணியோட சேத்து இறுக்கினனான். இப்ப சும்மா தொங்குது. வான் துள்ளேக்க இரும்பில முட்டும், ஓடும். ஆடாமல் போனா விலகிரும்.”

“வேற இடம் கிடைக்கேல்லையோ உனக்கு?”

ஹலீம் திருப்புளியால் அங்கே இங்கே சுரண்டினான். சுரண்டிய இடமெல்லாம் இரும்புக் கறள் பொரிந்து கொட்டியது. “முழு வானிலயும் மாதா நிண்ட இடம் மட்டும்தான் பளபளவெண்டு கிடந்தது. நீங்க உயிரோட இருக்குமட்டும் அவவை அங்கயிருந்து எடுக்கமாட்டீங்க எண்டு நினைச்சன்.”

வலன்ரைன் அந்த வளையத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “தம்பி, உன்னை நான் ஊர் முழுக்க...”

“தெரியும். ஊர் சின்னன்தானே,” என்றபடி ஹலீம் தன் பெட்டியிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து, மாதா நின்ற ஓட்டையிலேயே வளையத்தை வைத்து இறுக்கினான். அதற்குப் பிறகு வந்த தபசுகாலங்களில் மாதா வானை விட்டு இறங்கவில்லை, நின்ற இடத்திலேயே ஊதாத் துணி போர்த்திக்கொண்டார்.

வயரை இறுக்கிய மறுநாள் காலையிலும் வானம் இருண்டிருந்தது. வலன்ரைன் சரீபாவின் படலையில் வானை நிறுத்தினார்.

“தங்கச்சி, பிள்ளையளைத் தாங்கோ எண்டு கேக்க வரேல்ல. நீங்களும் ஒருக்கா ஏறி வந்து பாருங்கோ.”

சரீபா பிள்ளைகளோடு முன் சீற்றில் ஏறினார். தாம்போதியில் மழை கொட்டத் தொடங்கியது. கடலும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. சரீபா கம்பியைப் பிடித்தபடி வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். வைப்பர் இங்குமங்கும் போய் வந்துகொண்டே இருந்தது. தாம்போதி முடிந்தபோது, “அல்ஹம்துலில்லாஹ்,” என்று சரீபா மெல்லச் சொன்னார். “சேசுவே,” என்றார் வலன்ரைன். அப்பாடா என்று மூச்சு வந்தது.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். சரீபாவும் இறங்கிக் குடையை விரித்தார்.

“எனக்குக் கடைத்தெருவில வேலை கிடக்கு, நான் வீட்டுக்கு பஸ்ஸில போவன். பிள்ளையளைப் பின்னேரம் நீங்களே கூட்டிக்கொண்டு வாங்கோ.”

வலன்ரைன் தலையை ஆட்டினார். சரீபா போய்ச் சிறிது நேரத்தில் மழை விட்டுவிட்டது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கீச்சுக் கீச்சென்று தேய்ந்தது. அதை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.