உப்பு ஊருக்கு வந்த விருந்தாளி

எங்கள் ஊரில் சோப்பு நுரைக்காது. எவ்வளவு தேய்த்தாலும் கையில் வழுக்கிக்கொண்டு ஓடுமே தவிர, நுரை வராது. எங்கள் ஊர் என்று நான் சொல்வது, துபாயிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் உள்ளே போனால் மணலில் கிடக்கும் ஒரு விவசாயக் குடியிருப்பு. ஒரு பள்ளிவாசல், ஒரு மலையாளி மளிகைக்கடை, ஒரு பெட்ரோல் பங்க், சுற்றிலும் கால்நடைத் தீவனப் புல்லும் பேரீச்சையும். துபாய் என்றால் கண்ணாடிக் கட்டடம் என்று நினைக்கும் உறவினர்களிடம், எனக்குப் புல் பண்ணை அலுவலகத்தில் வேலை என்று சொன்னால், ஏஜெண்ட் ஏமாற்றிவிட்டான் போலிருக்கிறது என்று ஆறுதல் சொல்கிறார்கள்.

ஊரின் வரலாறு சுருக்கமானது. முதலாளியை இங்கே அர்பாப் என்பார்கள். எங்கள் அர்பாப் சாலிமின் தந்தை கையால் கிணறு தோண்டி நல்ல தண்ணீர் எடுத்துப் பேரீச்சை வைத்தார். மகன் காலத்தில் பம்பு வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது, மணலில் வட்ட வட்டமாகப் புல் முளைத்தது. தண்ணீர் கீழே போகப் போக உப்பு ஏறியது. பண்ணை மேலாளர் கிரஹாம், மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஒரு கோதுமை ஊரில் பிறந்தவர். அங்கே நடந்தது நேர்மாறு என்பார். முன்னோர்கள் காட்டை வெட்டிக் கோதுமை விதைத்தார்கள். உறிஞ்ச மரமில்லாமல் நிலத்தடி நீர் மேலே ஏறியது, வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வந்தது. வயல் வெளுத்தது, கால்பந்து மைதானம் வெளுத்தது, கடைசியில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். "உப்புக்குத் தப்பித்துத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்" என்று சிரிக்காமல் சொல்வார்.

கடல் நீரைச் சுத்திகரித்துக் குழாயில் உட்பகுதி ஊர்களுக்கு அனுப்பும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. கிணறு கெட்டுப்போன ஊர்களுக்கு முதலிடம். எங்கள் ஊரைப் பார்வையிட ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. குழாய் கிடைத்தால் பண்ணை பிழைக்கும். கிடைக்காவிட்டால் அந்தக் கோடையோடு பேரீச்சைகள் பட்டுப்போகும். எங்கள் அத்தனை பேர் விசாவும் கேன்சல்.

எனக்கு இதில் அனுபவம் உண்டு. மதுரையில் பத்திரிகை வேலையில் இருந்தபோது, வறட்சியைப் பார்க்க வரும் குழுக்களின் பின்னால் ஜீப்பில் அலைந்தவன். பம்பு ஓட்டும் காசிக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். அவர் கமுதிக்காரர்.

"அண்ணே, நம்மூரா இருந்தா எலும்புந் தோலுமா ரெண்டு மாட்ட ரோட்டோரமாக் கட்டிப்புடுவாக. இங்கன ஒட்டகத்தக் கட்டுவமா?"

"அது கொழுத்துப் போயில்ல நிக்கிது."

"மூஞ்சிய மட்டும் காட்டுவம்ணே. அது எப்பவும் சோகமாத்தான இருக்கு."

அர்பாப் வேறு மாதிரி யோசித்தார். கருகிய புல்வட்டத்துக்கு அதிகாரியை முதலில் அழைத்துப் போகலாம் என்று கிரஹாம் சொன்னதும் கையை உதறி, அரைகுறை இந்தியில் கத்தினார். "மெஹ்மான் ஆயேகா, சூக்கா ஜமீன் தேக்கேகா? ஐப்! ஐப்!" விருந்தாளிக்கு வறண்ட நிலத்தைக் காட்டுவது அவருக்கு வெட்கக்கேடு. நல்ல தண்ணீரோடு டேங்கர் லாரிகள் வரிசையாக வந்தன. வாய்க்கால் ததும்பியது. எப்போதோ நின்றுபோன நீரூற்று பீய்ச்சி அடித்தது. நகரத்திலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த புல்லை வாசலில் பாய் மாதிரி விரித்தார்கள். கிரஹாம் அதைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதிகாரி வந்தார். கிணறுகளைப் பார்க்கலாம் என்று கிரஹாம் எழும்போதெல்லாம் அர்பாப் காப்பி ஊற்றினார். காப்பிக்குப் பின் பேரீச்சை, பேரீச்சைக்குப் பின் முழு ஆடு வைத்த சோற்றுத் தட்டு. "மாஷா அல்லாஹ், என்ன பசுமை!" என்றார் அதிகாரி. அர்பாபின் முகம் மலர்ந்தது. என் கண்ணில் மதுரைக்குத் திரும்பும் விமானம் தெரிந்தது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன அதிகாரி நெடுநேரம் திரும்பவில்லை. கையில் ஆட்டுக் கொழுப்பு. சோப்பு நுரைக்கவில்லை. மறுபடி தேய்த்தார். பிறகு ஒரு துளியை நாக்கில் வைத்தார். துண்டோடு நின்ற அர்பாப் கூரையைப் பார்த்தார்.

நான் காசியை ஓரமாக இழுத்தேன். "எல்லாத் தொட்டியிலயும் டேங்கர் தண்ணிய நெரப்பச் சொன்னாருல்ல அர்பாப்?"

"நெரப்புனேன்ணே. கை கழுவுற தொட்டியில போயி யாராச்சும் நல்ல தண்ணிய ஊத்துவாகளா? குடிக்கிற தண்ணிண்ணே அது!"

அதிகாரி துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டார். உப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. "உங்கள் தண்ணீரின் ருசியை எங்கள் அலுவலகத்திலும் பார்க்கட்டும். ஒரு பாட்டில் கொடுங்கள்" என்றார்.

விருந்தாளி கேட்டுவிட்டார். "பாட்டிலா? கேன் எடு! யல்லா!" என்று அர்பாப் கத்தினார். அவர் கை கழுவிய அதே குழாயில் பிடித்துப் பெரிய பெரிய கேன்களாக அதிகாரியின் வண்டியில் ஏற்றினோம். கிரஹாமே ஓடிவந்து ஒரு கேனைத் தூக்கினார்.

அந்தக் கோடையில் பாதி மரங்கள் போயின. மீதியைக் குழாய் காப்பாற்றியது. தண்ணீர் திறந்துவிடும் நாளில் அர்பாப் துஆ ஓதினார். கிரஹாம் கையில் பிடித்துக் குடித்துவிட்டு, மறுபடியும் கையை நீட்டினார். காசி மளிகைக்கடையிலிருந்து ஒரு தேங்காயைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

"சாமி பக்கம் பாத்து ஒடைங்கண்ணே."

"இங்க சாமி எந்தப் பக்கம்?"

"நம்ம வந்த பக்கந்தான்."

ஊர் தென்கிழக்கே. குழாய் வந்ததோ வடமேற்கே கடலிலிருந்து. சாமியைப் பார்த்து நின்றால் தண்ணீருக்கு முதுகு, தண்ணீரைப் பார்த்து நின்றால் சாமிக்கு முதுகு. எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் இரண்டுக்கும் பக்கவாட்டாகத் திரும்பி, எதிரே ஒன்றுமில்லாத வெறும் மணலைப் பார்த்தபடி தேங்காயை ஓங்கினேன்.