பழைய வக்கீலிடம் ஒரு கையெழுத்து

“...என் கல்யாணத்துல அப்பா பக்கத்துல நின்னவர் அக்கா அவர். அவர்கிட்ட போய் ‘நீங்க வேண்டாம், வேற வக்கீல் பாத்துட்டேன்’னு எந்த வாயால சொல்லுவேன்?” என்றாள் வசந்தா. லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

இப்படிப் பிடித்துக்கொள்பவர்கள் எனக்கு அதிகம். ஹைகோர்ட் பக்கம் ஒரு சொலிசிட்டர் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றவள் நான். சட்டம் படித்ததில்லை, டைப் அடித்தே கற்றுக்கொண்டேன். போர்டில்தான் இன்னும் சொலிசிட்டர் என்று எழுதியிருக்கும். சட்டப்படி இப்போது எல்லோரும் அட்வகேட்தான், எல்லோரையும் கேள்வி கேட்க பார் கவுன்சில் இருக்கிறது. நம்மூரிலிருந்து இந்த வங்காளத்துக்குப் புதிதாக வரும் ஐ.டி. பிள்ளைகள் “நல்ல வக்கீல் யாரு ஆன்ட்டி?” என்றால், முதலில் பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேள் என்பேன். கோர்ட் வாசலில் உன்னைத் தேடி வருகிறவனிடம் போகாதே. விளம்பரம் செய்வதும், ஆள் வைத்துக் கட்சிக்காரரைப் பிடிப்பதும் வக்கீலுக்கு ஆகாது. அவர் தமிழ் பேசுகிறார் என்பது தகுதியில் சேராது.

வசந்தாவுக்கு வக்கீலைக் கண்டுபிடிப்பதில் சிக்கல் இல்லை. விடுவதில்தான்.

அவள் அப்பா லேக் கார்டன்ஸில் இருந்த பழைய வீட்டை ஒரு ப்ரொமோட்டரிடம் கொடுத்தார். இடித்துக் கட்டுகிற கட்டடத்தில் இரண்டாம் மாடியில், தெற்குப் பார்த்த ஃப்ளாட் அவருக்கு என்று ஒப்பந்தம். கட்டடம் எழுந்தது, அப்பா போய்விட்டார், ப்ரொமோட்டர் ஃப்ளாட்டைப் பூட்டி வைத்துக்கொண்டார். வசந்தா டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் வாடகை வீட்டில் இருந்துகொண்டு அலிப்பூர் கோர்ட்டில் கேஸ் நடத்தினாள். ஃப்ளாட்டை விற்கக் கூடாது என்று தடை உத்தரவு இருந்தது.

வக்கீல் சென் பாபு, அப்பாவின் எதிர்வீட்டு சிநேகிதர். எண்பதை நெருங்குகிறவர். கடைசி இரண்டு தேதிக்கும் அவர் வரவில்லை. அடுத்த தேதிக்கும் ஆள் நிற்காவிட்டால் கேஸ் தள்ளுபடி. கேஸ் விழுந்தால் தடையும் விழும். அதற்கு மறுபடி உயிர் கொடுப்பதற்குள் ஃப்ளாட் கைமாறிவிடும். எட்டு நாள் இருந்தது.

“பேசாம அவருக்குத் தெரியாம புது ஆளை நிறுத்திட்டா என்னக்கா?”

எங்கள் ஆபீஸில் ஜூனியராக இருந்து, இப்போது தனியாகத் தொழில் செய்யும் ஃபரீதாவுக்குப் போன் போட்டேன்.

“தீதி, நீங்களே இதைக் கேக்கலாமா?” என்று சிரித்தாள். ஒருவர் வக்காலத்து போட்டிருக்கும் கேஸில், அவர் சம்மதம் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்தவர் நுழையலாம். கொடுக்காவிட்டால் காரணம் சொல்லிக் கோர்ட்டிடம் அனுமதி கேட்க வேண்டும். “அதையும் செய்யலாம். ஆனா வயசானவர். முதல்ல நேர்ல போய்க் கேளுங்க.”

தாட்சண்யம் தனநாசம் என்று சும்மாவா சொன்னார்கள். ஞாயிறு காலையில் வசந்தாவை இழுத்துக்கொண்டு சென் பாபு வீட்டுக்குப் போனேன்.

வசந்தா சந்தேஷ் இனிப்பு டப்பாவைப் பிரித்து வைத்துவிட்டு அரைமணி நேரம் பூஜைப் பந்தல், மூட்டுவலி, மெட்ரோ கூட்டம் என்று பேசினாள். ஜன்னலுக்கு நேரெதிரே அந்தப் பூட்டிய ஃப்ளாட். நான் காலால் இடித்தேன். அவள் இன்னொரு சந்தேஷை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

“நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும்மா” என்றார் சென் பாபு வங்காளியில். இழுப்பறையைத் தடவித் திறந்து ஒரு கவரை எடுத்தார். வசந்தா பெயருக்குக் கடிதம். பார்வை மங்கிவிட்டது, இந்தக் கேஸிலிருந்து விலகுகிறேன், வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளவும். போன வருஷத் தேதி. தபால்தலைகூட ஒட்டியிருந்தது.

“எடுத்த கேஸை நடுவழியில விடக் கூடாது. தகுந்த காரணம் இருக்கணும், முன்னாடியே நோட்டீஸ் கொடுக்கணும். காரணம் இருந்தது. நோட்டீஸும் எழுதிட்டேன். தபால்பெட்டி வரைக்கும் ரெண்டு தடவை போனேன். உங்கப்பாவுக்கு வாக்குக் கொடுத்தவன்... சொக்குலொஜ்ஜா.”

முகத்துக்கு நேரே சொல்லக் கூசுவதற்கு வங்காளிகள் வைத்திருக்கும் சொல் அது. நம் தாட்சண்யத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை.

“ரெண்டு தேதி போயிடுச்சு காக்கு” என்றாள் வசந்தா. அவளுக்கு அவர் சித்தப்பா முறை, வங்காளியில் காக்கு. அவள் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். “இது என் கைக்கு வந்திருந்தா நான் இப்படித் தவிச்சிருக்க மாட்டேன்.”

“தப்புதான். பார் கவுன்சில்ல நீ புகார் எழுதினா நான் பதில் சொல்லித்தான் ஆகணும்.”

“புகார் வேண்டாம். கையெழுத்து வேணும்.”

கொண்டுபோயிருந்த சம்மதக் கடிதத்தில் கையெழுத்துக் கோடு அவருக்குத் தெரியவில்லை. வசந்தா அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். ஃபைலை அவரே கட்டிக் கொடுத்தார்.

எட்டாம் நாள் ஃபரீதா எழுந்து நின்றாள். ஜட்ஜ் கடிந்துகொண்டார், ஆனால் கேஸ் பிழைத்தது. தடை தொடர்கிறது, அடுத்த தேதியில் சாட்சி விசாரணை.

நான் கற்றது இவ்வளவுதான். வக்கீலை மாற்றுவது துரோகம் இல்லை, கட்சிக்காரரின் உரிமை. ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக்கூட உங்கள் ஃபைலை யாரும் பிடித்து வைக்க முடியாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இங்கே இரண்டு பக்கமும் அழாமல் உட்கார்ந்திருந்தது.

கோர்ட் படிக்கட்டுக்கு வந்ததும் வசந்தா உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து போனை எடுத்தாள். “காக்கு, பக்கத்துல டி.வி.யை அணைச்சிட்டுக் கேளுங்க” என்று, அன்றைய உத்தரவை ஃபரீதா குறித்துக் கொடுத்திருந்த சீட்டை ஒவ்வொரு வரியாகச் சென் பாபுவுக்கு வாசித்துக் காட்டினாள்.