எத்தனை குதிரை கூடியது

அன்று டைனோ கடையில் இருந்தவர்கள். கராஜ் முதலாளி, எங்கள் கடற்கரைப் பக்கத்து ஆள், அதனால் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன். காரின் சொந்தக்காரர், உள்ளூர் அரபி, சின்ன வயது. மிஷின் ஓட்டும் யாழ்ப்பாணத்துக்காரர், கடையும் அவருடையது. மெக்கானிக் நான். பிறகு அந்த எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார். மரியாதை முழுவதும் அதற்குத்தான்.

டைனோ என்பது தரையில் பதித்த உருளை. காரை மேலே ஏற்றி, பட்டையால் இறுக்கிக் கட்டி மிதித்தால் சக்கரம் உருளையைச் சுழற்றும். எஞ்சினுக்கு எத்தனை குதிரைச் சக்தி என்று திரையில் எண் வரும். ஷார்ஜா தொழில்பேட்டையில் இந்த எண்ணை நம்பித்தான் எங்கள் பிழைப்பு.

காக்காவுக்கு ஒரு தொழில்முறை உண்டு. வேலைக்கு முந்தைய அளவை உச்சி வெயிலில் எடுப்பார். பானட் மூடியிருக்கும். ஃபேன் கிடையாது. வேலை முடிந்த அளவை விடிந்ததும் எடுப்பார். பானட் திறந்திருக்கும், இரண்டு ஃபேன் ஓடும், எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்மேல் ஐஸ் மூட்டை இருக்கும். குளிர்ந்த காற்று போனால் எஞ்சின் நன்றாக இழுக்கும். எங்கள் குதிரைகளில் பாதி ஐஸ் கடையிலிருந்து வந்தவை.

இந்தக் காருக்கு எண்பது குதிரை கூடும் என்று அரபியிடம் சொல்லியிருந்தார். உச்சி வெயிலில் 398 காட்டியது. புகைக்குழாய், காற்றுக்குழாய், கம்ப்யூட்டர் எல்லாம் மாற்றினோம். கதவில் தீ ஸ்டிக்கரும் ஒட்டினோம்.

அந்த வேலை நடக்கும்போதுதான் லீவு கேட்டேன். மகளுக்கு நிக்காஹ். மூன்று வருடமாக ஊருக்குப் போகவில்லை. வீட்டில் நாற்பது நாளாவது வா என்றார்கள். அரபி பக்கத்தில் நின்றதால் காக்காவுக்குப் பெருமை பொங்கிவிட்டது.

“இந்த வண்டியில எத்தனை குதிரை கூடுதோ அத்தனை நாள் போய்ட்டு வா தம்பி.”

அதையே இந்தியிலும் சொன்னார். அரபி சிரித்தார். தான் சாட்சி என்றார்.

அளவு எடுக்கும் நாளில் விடியுமுன் ஃபஜ்ர் தொழுதுவிட்டு நேராக ஐஸ் கடைக்குப் போனேன். இரண்டு மூட்டை வழக்கம். மூன்று வாங்கினேன். அரபி ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு வந்தார். அதற்குள் ஐஸ் தண்ணீராகி, தண்ணீரும் காய்ந்துவிட்டது. வெறும் மூட்டை கிடந்தது. தூக்கிப் போட்டேன்.

கார் உருளையில் ஓடியது. தகரக் கூரை அதிர்ந்தது. திரையில் 409.

மிஷின் சரியில்லை, வெயில் தின்றுவிட்டது, நிஜத்தில் எண்பதுக்கு மேல் என்று காக்கா அரபியிடம் அடித்துச் சொன்னார். பிறகு யாழ்ப்பாணத்துக்காரரிடம் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

“வெயிலைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்க. அறுபது டிகிரின்னு போடுங்க.”

வெயில் அதிகம் என்று எழுதினால் மிஷின் அதற்கு ஈடாகக் குதிரையைக் கூட்டிக் கொடுக்கும். யாழ்ப்பாணத்துக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை.

“அறுபது எண்டால் நாங்கள் ஒருத்தரும் உயிரோட நிக்கேலாது அண்ணை. தாள்ல என்ரை கடைப் பேர் கிடக்கு.”

போட்டுத் தொலைக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் போடவில்லை.

அரபிக்கு வருத்தமே இல்லை. சத்தத்தை போனில் பிடித்து, திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். தெருவே எழுந்துவிடும், அது போதும், கலாஸ் என்றார். கிளம்பும்போது சாட்சி ஞாபகம் வந்துவிட்டது. இவருக்கு எத்தனை நாள் என்று காக்காவைக் கேட்டார்.

நான் சொன்னேன். “எண்பதுக்கு மேலன்னு இப்பத்தானே சொன்னீங்க காக்கா.”

“வியாபாரத்துக்கு நான் ஆயிரம் சொல்லுவேன். மிஷின் பொய் சொல்லாது தம்பி.”

லீவுத் தாளை அந்தக் காரின் பானட் மேலேயே வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாட்கள் என்ற கட்டத்தைப் பார்த்தேன்.

பதினொன்று.