சாம்பிள் ஜோடி

ஆம்பூர் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தோல் இளகும் என்றுதான் சொல்வார்கள். புது ஷூ கடிக்கிறதா? நாலு நாள் போட்டு நட, தானாக இளகிவிடும். மேகலாவும் அதைத்தான் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறவள். புருஷன் துரைசாமி தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்து, நெஞ்சடைத்துச் செத்துப் போனான். மிச்சம் இருந்தது மகன் பூவரசன் ஒருவன்தான்.

பூவரசனுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. உடம்பு வளர்ந்த அளவுக்கு விவரம் வளரவில்லை. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம் என்று வேலூரில் டாக்டர் சொல்லியிருந்தார். தெருவில் வேறு பெயர்களெல்லாம் வைத்துக் கூப்பிட்டார்கள். அந்த வாயில் மண் விழ! அவனைப் போல ஒரு நல்ல பிள்ளை அந்தத் தெருவில் கிடையாது. ஒரே ஒரு குறை, இருந்த இடத்தை விட்டு நகர மாட்டான். அம்மா ஷிப்டுக்குப் போகும்போது டிவி முன்னால் உட்கார்ந்தால் அவள் திரும்பி வரும்போதும் அங்கேயே இருப்பான். உடம்பு ஊதியது. பிறகு சர்க்கரை வந்தது. "நடக்க வைங்கம்மா, இல்லன்னா ஆபத்து" என்றார் டாக்டர். எப்படி நடக்க வைப்பது? இழுத்தால் தரையில் உட்கார்ந்து அழுவான். தூக்க அவளுக்கு ஏது தெம்பு?

அப்போதுதான், அவனைப் போன்றவர்களுக்காக ஊரில் நடக்கும் பயிற்சி மையத்துக்கு ஒரு விளையாட்டு வந்தது. பெரிய டிவி, அதன் மேல் ஒரு கேமரா. எதிரே பாயில் நின்று காலை வீசினால் திரையில் இருக்கிற ஆள் பந்தை உதைப்பான். வேகத்தையும் உயரத்தையும் அவரவர் உடம்புக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளலாம். அங்கே பிசியோதெரபி பார்க்கும் வாணியம்பாடிப் பெண் தில்ஷாத், முதல் நாள் ரொம்ப மெதுவாக வைத்துக் கொடுத்தாள். பூவரசன் டிவியைப் பார்த்தான். பந்தைப் பார்த்தான். காலைத் தூக்கினான். பந்து வலைக்குள் போனதும் அவன் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற ஆட்டோக்காரர் உள்ளே ஓடி வந்தார்.

அதற்கப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. காலையில் தானே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பான். பேண்ட் இடுப்பில் தொளதொளத்தது, சர்க்கரையும் இறங்கியது. மேகலா கெங்கையம்மனுக்குப் பொங்கல் வைத்தாள்.

மையத்தில் வெறுங்காலோடுதான் விளையாட வேண்டும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் தில்ஷாத் ஒவ்வொருவர் பாதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சர்க்கரை இருந்தால் காலில் உணர்ச்சி மந்தமாகிவிடும், புண் வந்தாலும் தெரியாது என்பாள். மேகலாவுக்கு இந்த வெறுங்கால்தான் உறுத்தியது. சீமைக்காரன் காலுக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிறவள் பெற்ற பிள்ளை வெறுங்காலோடு உதைப்பதா?

கம்பெனியில் புது மாடல் வந்தால் முதலில் சாம்பிள் தைப்பார்கள். எந்த மாடலானாலும் சாம்பிளுக்கு ஒரே அளவுதான். அப்படி ஒரு ஜோடி, வெள்ளைத் தோலில் நீலக் கோடு வைத்தது, மேகலா கையாலேயே தைத்தது, ஏற்றுமதிக்குப் போகாமல் நின்றுவிட்டது. சாம்பிள் செக்‌ஷன் ஆபித் பாஷா மேனேஜரிடம் சொல்லி அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்தார். "பையன் காலுக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், பாத்துக்கம்மா" என்றார்.

"தோலுதானே பாய், இளகிடும்."

இளகியிருக்கும், வெறும் தோலாக இருந்திருந்தால். குதிகால் பக்கம் விறைப்பாக நிற்க உள்ளே ஒரு அட்டை வைத்துத் தைப்பார்களே, அது எந்தக் காலத்தில் இளகியது? அவளுக்குத் தெரியாததா? பிள்ளையின் காலில் அந்த ஷூவைப் பார்த்த சந்தோஷத்தில் தெரிந்ததெல்லாம் மறந்து போயிற்று.

பூவரசன் அதைக் கழற்றவே மாட்டேன் என்றான். தில்ஷாத் குனிந்தால் காலை இழுத்துக்கொண்டான்.

"அக்கா, கழட்டச் சொல்லுங்க. கால பாக்காம நான் ஆட விட முடியாது."

"அம்மா தச்சதுன்னு ஆசையா போட்டுனு இருக்கான் தில்ஷாத். அழ வெக்காத. வூட்ல நான் பாத்துக்கறேன்."

பெற்றவளே சொல்லும்போது மேலே என்ன பேசுவது என்று தில்ஷாத் விட்டுவிட்டாள். பிறகு அதை நினைத்து நினைத்து அவள் அழுதது தனிக்கதை.

வீட்டில் பார்த்தாளா மேகலா? முதலில் பார்த்தாள். அப்புறம் ஆர்டர் நெருக்கியது, தினமும் ஓவர்டைம். வந்து சோற்றைப் போட்டுவிட்டுச் சாய்ந்தால் பிணம்தான். அவன் சாக்ஸோடு தூங்கினான். "கால் வலிக்குதாடா?" என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டினான். முன்பு ஒரு தடவை முட்டி வலி என்று சொன்னதற்கு தில்ஷாத் அவனை ஆட விடாமல் உட்கார வைத்திருந்தாள். வலி என்றால் ஆட்டம் போய்விடும் என்று அவன் கற்று வைத்திருந்தான். விவரம் இல்லாத பிள்ளை என்றார்களே, இதற்கு மட்டும் எப்படித்தான் விவரம் வந்ததோ! சாக்ஸிலிருந்து நாற்றம் வந்தது. சோல் ஒட்டும் பசையிலும் தோல் நெடியிலும் ஊறிக் கிடந்த அவள் மூக்குக்கு அது தனியாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டுவதற்காகச் சாக்ஸை உரித்தாள். காலின் தோலும் சேர்ந்து வந்தது. ஒரு குதிகால் கறுத்துப் போயிருந்தது. மேகலா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிராவது தப்பியதே என்றார்கள் உறவுக்காரர்கள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மயக்கம் தெளிந்த பூவரசன் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மா, கால் எப்ப வரும்?" என்று கேட்டான். "வரும்டா" என்றாள். வேறு என்ன சொல்வாள், பாவி?

வீட்டுக்கு வந்தவன் பழையபடி உட்கார்ந்தான். இந்தத் தடவை டிவி போடக்கூடச் சொல்லவில்லை. செயற்கைக் கால் வைக்க வேண்டுமென்றால் முதலில் உடம்பில் பலம் வேண்டும், கையையாவது ஆட்ட வேண்டும் என்றாள் வீடு தேடி வந்த தில்ஷாத். "இப்டியே கெடந்தான்னா சக்கரை மறுபடி ஜாஸ்தியாயிடும் அக்கா. அப்புறம் இன்னொரு காலும்..." என்று இழுத்தாள்.

சக்கர நாற்காலியில் வைத்து மையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தில்ஷாத் கேமராவைத் தாழ்த்தி, உட்கார்ந்தபடியே கையால் பந்தைத் தடுக்கிற மாதிரி ஆட்டத்தை மாற்றி வைத்திருந்தாள். பந்துகள் வந்துகொண்டே இருந்தன. பூவரசன் கைகளை மடியில் வைத்தபடி வெறுமனே பார்த்திருந்தான். கெஞ்சினார்கள், கொஞ்சினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவன் அம்மா பக்கம் திரும்பிப் பாயைக் காட்டினான்.

"நீ ஒதை மா."

"நானா? எனக்கு இன்னாடா தெரியும்?"

"ஒதை."

தில்ஷாத் ஆட்டத்தைப் பழையபடி மாற்றினாள். மேகலா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் நின்றாள். உதைத்தாள். பந்து எங்கேயோ போயிற்று. அழுகையில் திரையே தெரியவில்லை. மறுபடி உதைத்தாள்.

"அப்டி இல்ல மா! ஒசர தூக்கு!" என்று பின்னாலிருந்து பூவரசன் கத்தினான். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, இவ்வளவு உயரம் என்று காட்டிக்கொண்டிருந்தான்.

"நிறுத்தாதீங்க அக்கா" என்றாள் தில்ஷாத் மெதுவாக. "கைய தூக்குறான் பாருங்க."

மேகலா நிறுத்தவில்லை. மூச்சு வாங்கியது, முட்டி விண்ணென்று தெறித்தது. கொஞ்ச நேரத்தில் உதைக்கும் பக்குவம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஆனாலும் கோல் விழுந்தால் அவன் கையைத் தூக்கிக் காட்டுவதை நிறுத்திவிடுவானே என்று பயந்து, வேண்டுமென்றே பந்தை வெளியே உதைத்துக்கொண்டிருந்தாள்.