பெண்கள் நுழையாத அறை

நெட் என்ட்விஸ்டில் எங்கள் தெருவுக்கு நிலக்கரி மூட்டை சுமந்தவன். பெற்றவர்கள் வைத்த பெயர் நெல்லி. வயசுக்கு வந்த கையோடு தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு ஆண்பிள்ளையாக நடக்க ஆரம்பித்துவிட்டான். ஊர் கொஞ்ச நாள் சிரித்தது. அவன் சுமக்கிற பாரத்தைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டது. நான் அவனை ‘அவன்’ என்றுதான் சொல்வேன். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

நான் ஐவி. சாம் பிக்கப்பின் மதுக்கடையில் பீர் ஊற்றிக்கொடுத்தவள். இங்கிலாந்தில் எங்கள் லங்காஷயர் பக்கத்து மதுக்கடைகளில் ஆண்களுக்கென்று தனி அறை உண்டு. பெண்கள் அதில் கால் வைக்கக் கூடாது. வேலைக்காரியான நானே சுவரில் உள்ள சின்ன ஜன்னல் வழியாகத்தான் கோப்பையை நீட்ட வேண்டும். நெட் மட்டும் வருஷக்கணக்காக அங்கே உட்கார்ந்து புள்ளிக் கட்டைகளை அடுக்கி டோமினோ ஆடினான். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

உலகப்போர் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கரி வண்டி ஓட்டும் வால்ட்டர் சாகர் நெட்டிடம் ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றான்.

“என்னடா நெட்டு, கை நல்லாத்தான் வேலை செய்யுது. கால்சட்டைக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துடலாமா?”

இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, வால்ட்டர் உருவிவிட்டான். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. நான் ஜன்னலில் நின்று கத்தினேன். “உன் வேலையப் பாருடி” என்று சாம் என்னைப் பிடித்து இழுத்தான். நெட் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

திங்கட்கிழமை காலை கரிக்கிடங்கில் குதிரையைப் பூட்டக் குனிந்த வால்ட்டரை, கரி உடைக்கிற சுத்தியலால் நெட் பின்னாலிருந்து அடித்தான். விழுந்த பிறகும், உயிர் போகும்வரை அடித்தான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். வால்ட்டருக்குப் பெண்டாட்டியும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

“கொலைய மறுக்க முடியாது. ஆனா அந்த ரூம்ல நடந்தத அங்க இருந்தவங்க சொல்லிட்டா, தூக்குலேருந்து காப்பாத்திடலாம்” என்றார் நெட்டின் வக்கீல்.

நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் முதலில் சாம் ஏறினான். நெட்டின் வக்கீல் கேட்டார்.

“சனிக்கிழமை சாயங்காலம் கைதி உங்க ஆம்பளைங்க ரூம்ல இருந்தாளா?”

“எங்க ரூமுக்குள்ள பொம்பள வந்ததே இல்லீங்க ஐயா.”

அடுத்தடுத்து ஏறியவர்களும் பைபிளைத் தொட்டு அதையேதான் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் இத்தனை வருஷமும் ஒரு பொம்பளையோடு உட்கார்ந்து குடித்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தெருக் கடைக்காரர்கள் கேலி பண்ணுவார்களாம். தூ!

கடைசியில் நான் ஏறி, பார்த்ததைச் சொன்னேன். அரசாங்க வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“வேலை செய்யற உன்னையே உள்ள விட மாட்டாங்க. இவள மட்டும் எப்படிம்மா விட்டாங்க?”

“அவன அங்க ஆம்பளையாத்தான் வெச்சிருந்தாங்க.”

நீதிமன்றமே சிரித்தது. தூக்குத் தண்டனை என்று தீர்ப்பானது.

அன்றைக்கே கடைக்குப் போய், ஜன்னலில் நிற்காமல் நேரே அந்த அறைக்குள் நுழைந்தேன்.

“லண்டன்ல மன்னிப்புக் குடுக்கிற மந்திரிக்கு உண்மைய எழுதிப் போடுங்கடா. ஒரு உசுரு போகப்போகுது.”

“முதல்ல வெளிய போ ஐவி” என்றான் சாம். “பொம்பளைய எவன் தூக்குல போடுவான்? கடைசி நேரத்துல விட்டுடுவாங்க.”

ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு எல்லோரும் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அதை அவர்கள் நிஜமாகவே நம்பினார்கள். என் வேலையும் அதோடு போயிற்று.

லண்டனிலிருந்து மன்னிப்பு வரவில்லை. கடைசியாகப் பார்க்கப் போனபோது நெட்டுக்குச் சிறைக் கவுன் மாட்டியிருந்தார்கள். உட்காரத் தெரியாமல், அதை முழங்காலுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

“சாவுக்கு நான் பயப்படல ஐவி. செஞ்சதுக்கு அனுபவிக்கிறேன். இத மட்டும் கழட்டச் சொல்லு. என் கால்சட்டையோட போறேன்.”

சிறை அதிகாரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். நல்ல மனுஷன்தான், எனக்கு நாற்காலியெல்லாம் போட்டார்.

“பெண் கைதிகளுக்கு இந்த உடுப்புதாம்மா. விதிய மாத்த எனக்கு அதிகாரம் இல்ல.”

மறுநாள் காலை, கவுன் பறக்காதபடி முழங்காலில் ஒரு தோல் வாரைக் கட்டி, நெல்லி என்று கூப்பிட்டு அழைத்துப்போய்த் தூக்கில் போட்டார்கள்.