முடிச்சூர் ஏகநாதனின் பச்சைக் கோடு

“உங்க நட்சத்திரம் இன்னா சார்?”

ஒரு லோடு மணல் என்ன விலை என்று கேட்டு வந்தவர் விழிப்பார். ஒருவேளை வாஸ்து பார்த்துத்தான் மணல் கொட்டுவாரோ என்று நினைத்துக்கொண்டு, “பூராடம்” என்பார். “பூராடமா, ரைட்டு. ஆவணி மாசம் சாயங்காலமா வூட்டுக்கு வாங்க, காட்டறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் ஏகநாதன் மணலின் விலைக்கு வருவார்.

முடிச்சூரில் அவர் குடும்பத்துக்கு இருந்த வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகிவிட்டது. அந்த வீடுகளுக்கு மணல், ஜல்லி, செங்கல் இறக்குகிறவரும் அவர்தான். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. வருத்தமெல்லாம் வேறு விஷயத்தில். ஜனங்கள் கோயிலுக்குப் போகிறார்கள், தட்டை நீட்டிப் பெயரும் ராசியும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்கிறார்கள், திருநீறு பூசிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சொன்ன நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. “காலம் பூரா பேர் சொல்லிக் கூப்புடறோம். ஒரு தபா மூஞ்சியைப் பாக்க வேணாமா?” என்பார்.

பஞ்சாங்கத்தையும், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்த வானப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவராகவே இருபத்தேழையும் கண்டுபிடித்துக்கொண்டார். சாயங்காலம் கடையைப் பூட்டி, கைகால் கழுவி, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு மொட்டை மாடிக்கு வந்துவிடுவார். யாராவது ஒருவர் வந்திருப்பார். ரோகிணிக்காரர்கள், கேட்டைக்காரர்கள், சித்திரைக்காரர்கள் எல்லாம் பளிச்சென்று இருக்கிற தங்கள் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நடந்து படி இறங்குவார்கள். பரணி, சதயம், ஆயில்யத்துக்காரர்கள் பாடுதான் சங்கடம். அவர்களுடையது கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் டீ கொடுத்துவிடுவார்.

விரலால் காட்டினால் பத்தில் ஒன்பது பேர் வேறு எதையோ பார்த்து “ஆமாமா” என்றார்கள். முருங்கைக்காய் பறிக்கும் துறட்டியால் காட்டிப் பார்த்தார். துறட்டியைத்தான் பார்த்தார்கள். ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டில் விற்கிற சிவப்பு லேசரை வாங்கி அடித்ததில், சுவரில் துள்ளிய புள்ளி வானத்தில் எங்கே போனதென்றே தெரியவில்லை. அப்போதுதான் மருமகன் தீனா வெளிநாட்டிலிருந்து வந்தபோது பேனா மாதிரி ஒன்றைக் கொடுத்தான். பொத்தானை அமுக்கினால் பச்சையாக ஒரு கோடு. கொடிக்கம்பி கட்டினதுபோல மாடியிலிருந்து நேராகக் கிளம்பி நட்சத்திரத்தில் போய் முட்டுகிற மாதிரி நின்றது. அன்றைக்கு வந்திருந்தவர் சுவாதி. பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்த கஸ்தூரிரங்கன் வந்து நின்றார். விமான நிலையத்தில் ஓடுபாதை விளக்குகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஏகநாதன் சார், நேத்து பச்சையா அடிச்சது உங்க மாடியிலேர்ந்துதானே?”

“ஆமா சார். சுவாதி காட்டினு இருந்தேன். உங்க நட்சத்திரம் இன்னா?”

“என் நட்சத்திரம் இருக்கட்டும். இது மீனம்பாக்கத்துக்கு ப்ளேன் போற வழி. அந்தப் பக்கம் ஏர்ஃபோர்ஸ் ஹெலிகாப்டர் சுத்திண்டே இருக்கு. கீழே இருக்கறப்ப உங்க லேசர் வெறும் புள்ளி சார். மேலே போகப் போக விரியும். இறங்கற ப்ளேன் கண்ணாடியில பட்டா முழுக்கப் பச்சையா பூத்துடும், பைலட்டுக்கு ஓடுபாதையே தெரியாது. சர்வீஸ் பூரா நான் அந்த விளக்கெல்லாம் துடைச்சுத் துடைச்சு வச்சது அவன் கண்ணுக்குத் தெரியணும்னுதான். இது போலீஸ் கேஸ். ஜெயிலுக்கே போகலாம்.”

ஜெயில் என்றதை விட்டுவிட்டு ஏகநாதன் ப்ளேனுக்கு வந்தார். “அதுல எத்தினி பேர் சார் உக்காந்துகினு வருவாங்க?” என்று கேட்டார்.

“நூத்தம்பது, எரநூறு பேர் வருவா.”

ஏகநாதன் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கஸ்தூரிரங்கன் கையில் வைத்துவிட்டார். “அத்தினி பேருக்கும் ஒரு நட்சத்திரம் இருக்கும்ல சார்.”

சண்டை போட வந்தவருக்கு இது பேஜாராகிவிட்டது. வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு மத்தியானம் மறுபடி வந்தார். அடியோடு கூடாது என்று தான் சொல்லவில்லை என்றார். விமானத்தின் பக்கம் அடிக்கக்கூடாது, மனுஷர் கண்ணில் அடிக்கக்கூடாது, அடுத்த வீட்டு ஜன்னலில் அடிக்கக்கூடாது. தீனா கொடுத்தது ரொம்ப சக்தி. அஞ்சு மில்லிவாட்டுக்கு மேல் இல்லாததாக வாங்க வேண்டும். லேபிளில் அஞ்சு என்று போட்டு உள்ளே ஐம்பது வைப்பார்கள், அதனால் தானும் கூட வருவதாகச் சொன்னார்.

இரண்டு பேரும் ரயிலேறி, எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனார்கள். சேட்டு என்கிற கடைக்காரர் உற்சாகமாக ஒன்றை எடுத்தார்.

“இத்தப் பாரு சார். தீக்குச்சி பத்திக்கும், பலூன் வெடிக்கும்.”

“எனக்கு எதுவும் பத்திக்க வேணாம்பா. இதைவிடக் கம்மியா கீதா?” என்றார் ஏகநாதன்.

சேட்டு வேறொன்றை எடுத்தார். கஸ்தூரிரங்கன் பையிலிருந்து கறுப்புத் தாளை எடுத்து அதன்மேல் அடித்துக் காட்டச் சொன்னார். தாள் மெலிதாகப் புகைந்தது. “வேணாம். இதைவிடக் கம்மி.” அடுத்ததில் தாள் சூடேறியது. “இன்னும் கம்மி.”

“இன்னா சார் நீங்க. இத்தினி வருசமா கடை வச்சுக்கினு கீறேன். ஐட்டம் ரொம்ப நல்லா வேலை செய்யுது, அதனால வேணாம்னு சொன்ன மொத பார்ட்டி நீங்கதான்” என்று சேட்டு அலமாரியின் அடியில் கையை விட்டு, தூசி படிந்த ஒரு பச்சை லேசரை எடுத்துப் போட்டார். தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்தது. வானத்துக்கு அதுவே போதும். காற்றில் இருக்கிற தூசியில் கோடு தெரிந்தால் சரி.

கஸ்தூரிரங்கன் ஒரு வாக்குதான் கேட்டார். ஏகநாதன் கெங்கையம்மன் கோயிலுக்கே போய்க் கற்பூரம் அடித்துவிட்டார். “ஏரோப்ளேன் வானத்துல இருக்கசொல்லோ என் கை இத்தை அமுக்கினா, அப்பால இந்தக் கை இத்தைத் தொடாது தாயே.” எரிகிற கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தார். இவ்வளவு தூரம் போவார் என்று கஸ்தூரிரங்கன் எதிர்பார்க்கவில்லை.

காவலுக்கு ஜெயக்கொடி நின்றார். ஏகநாதனின் மனைவி. இருபத்தேழில் எதையும் ‘இது உன்னுது’ என்று காட்ட முடியாத ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான். மண்ணிவாக்கத்தில் நடவு மும்முரத்தில் பிறந்தவர், நாளும் நேரமும் யாரும் குறித்து வைக்கவில்லை. ஜாதகம் இல்லாததால் கெங்கையம்மன் முன்னால் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு, வெள்ளை வந்த பிறகுதான் கல்யாணம் பேசினார்கள். கோயிலில் குருக்கள் நட்சத்திரம் கேட்டால், “சாமி பேருக்கே பண்ணிடுங்க” என்பார். மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் இடத்துக்கு முதுகைக் காட்டியபடி நிற்பார். வண்டலூர்ப் பக்கம் சிவப்பு விளக்கு மினுக்கினால், “ஒண்ணு வருது” என்பார். கோடு அணைந்துவிடும். ஹெலிகாப்டரைச் சத்தத்திலேயே பிடித்துவிடுவார்.

இதையெல்லாம் எதிர்மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கஸ்தூரிரங்கனுக்கும் ஆசை வந்துவிட்டது. அவர் திருவோணம். பெருமாள் நட்சத்திரம். ஆயுத பூஜை அன்று சாயங்காலம் சுண்டல் தூக்கோடு வந்தார்.

தெற்கே பாதி நிலா இருந்தது. திருவோணம் தலைக்கு நேர் மேலே. ஏகநாதன் பொத்தானை அமுக்கினார். கோடு வரவில்லை. முனையில் மட்டும் மங்கலாகப் பச்சை கசிந்தது. பேட்டரியை மாற்றினார். அப்படியேதான் இருந்தது.

“ரொம்பக் கம்மியா கேட்டோமோ” என்றார் கஸ்தூரிரங்கன்.

அன்று காலையில் ஜெயக்கொடி வீட்டிலிருந்த சாமானுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். லாரிக்கு வைத்தார், மண்வெட்டிக்கு வைத்தார், சல்லடைக்கு வைத்தார், கால்குலேட்டருக்கும் போனுக்கும் வைத்தார். லேசருக்குப் பொட்டு எங்கே வைப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, நெற்றி மாதிரி இருந்த இடத்தில் வைத்தார். அது வெளிச்சம் வரும் வாய். இப்போது சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது.

ஏகநாதன் முனையை மேலே நீட்டி, ஒரு கையால் பொத்தானை அமுக்கியபடியே மறு கையால் தீக்குச்சியை விட்டு நோண்டினார். “வாயைப் பாக்காதீங்க, கண்ணு போயிடும்” என்றார் கஸ்தூரிரங்கன். காவலில் நின்ற ஜெயக்கொடிக்கு விஷயம் புரிந்துவிட்டது. “ஐயோ, நான்தாங்க அங்க பொட்டு வச்சேன்” என்று திரும்பி இரண்டடி எடுத்து வைத்தார். அந்த நேரம் பார்த்துச் சந்தனம் பெயர்ந்தது. கோடு பளிச்சென்று மேலே போயிற்று. ஜெயக்கொடியின் முதுகுக்குப் பின்னால், தூரத்தில் கிழக்கே, ஒரு விமானம் விளக்குகளோடு தாழ்ந்து போய்க்கொண்டிருந்தது.

மூன்று பேரும் பார்த்தார்கள். விமானம் தன்பாட்டில் போய் இறங்கியது. ஏகநாதன் பொத்தானிலிருந்து விரலை எடுத்து, பேனாவைச் சுண்டல் தூக்கின் மூடிமேல் வைத்தார்.

“முடிஞ்சுது சார்.”

“என்ன முடிஞ்சுது? அது எங்கியோ கிழக்கே போறது. உங்க கோடு நேர் மேலே. கிட்டக்கூடப் போகலை. சட்டப்படி இதுல தப்பே இல்லை” என்று வாதாடினார் புகார் சொல்ல வந்த அதே கஸ்தூரிரங்கன்.

“சட்டத்துல இல்ல சார். கற்பூரத்துல கீது.”

திருவோணத்தைப் பார்க்காமலே சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு இறங்கினார்கள். அடுத்த வாரமெல்லாம் ஏகநாதன் பழையபடி விரலால்தான் காட்டினார். சதயத்துக்காரர் ஒருவர் செல்போன் கோபுரத்து விளக்கைக் கும்பிட்டுவிட்டுப் போனார். வருகிற கூட்டம் குறைந்தது. கடையில் நட்சத்திரம் கேட்பதையும் ஏகநாதன் விட்டுவிட்டார். விலையை மட்டும் சொன்னார். அதுதான் ஜெயக்கொடிக்குப் பொறுக்கவில்லை.

“சத்தியம் பண்ணது உங்க கைதானே? என் கை பண்ணலயே” என்றார் சோறு போட்டுக்கொண்டே.

ஏகநாதன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். இது ஏமாற்று வேலை ஆகிவிடுமோ என்று பயம். வெள்ளிக்கிழமை கெங்கையம்மன் முன்னால் பூ கேட்டார்கள். வெள்ளை வந்தது. “உன் விசயத்துல அம்மா வெள்ளைதான் குடுக்கறா” என்றார்.

அன்றிலிருந்து இடம் மாறியது. பேனா ஜெயக்கொடி கையில். கைப்பிடிச் சுவரில் ஏகநாதன், வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

முதல் ஆள் கஸ்தூரிரங்கன். “மூணு ஒரே வரிசையா இருக்கும், நடுவுல இருக்கறதுதான் பெருசு” என்று ஏகநாதன் சுவரைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார். “தெரியும், நீங்க ப்ளேனைப் பாருங்க” என்றார் ஜெயக்கொடி. கோடு மேற்கே சரிந்திருந்த திருவோணத்தில் போய் நின்றது. கஸ்தூரிரங்கன் அண்ணாந்தபடியே கைகூப்பினார். பிறகு, “இத்தனை வருஷம் மேலே பார்த்தா ப்ளேன் மட்டும்தான் தெரிஞ்சுது” என்றார்.

ஏகநாதன் கடையில் மறுபடியும் நட்சத்திரம் கேட்கிறார். இப்போது அவர் வண்டலூர்ப் பக்கத்தை விட்டுக் கண்ணெடுப்பதில்லை. அண்ணாந்து அண்ணாந்து வந்த கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்வதில்லை, அந்த வலி ஜெயக்கொடிக்குப் போய்விட்டது.

மாசி மாதம் ஒருநாள் வந்தவர்களெல்லாம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். ஏகநாதன் சுவரோரமே நின்றிருந்தார். பின்னால் பொத்தான் அமுக்குகிற மெல்லிய சத்தம் கேட்டது.

“ஏங்க, தெக்கால தாழ்வா, தனியா, வெள்ளையா ஒண்ணு கீதே. இது யாருது?”

“அதுவா? அகத்தியர்.”

“யாருக்குக் காட்டணும்?”

“யாருக்கும் இல்ல. இருபத்தேழுல அது சேத்தி இல்ல.”

ஜெயக்கொடி பொத்தானை விட்ட சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வண்டலூர்ப் பக்கம் சிவப்பாக மினுக்கியது.

“ஒண்ணு வருது” என்றார் ஏகநாதன். பின்னால் உடனே சத்தம் கேட்டது. அணைந்ததா என்று பார்க்கத் திரும்பினார். கோடு அணைந்திருந்தது. ஜெயக்கொடியின் கை மட்டும் இறங்காமல், அணைந்த பேனாவோடு, தெற்கே அந்த ஒன்றை நோக்கி நீண்டபடியே இருந்தது.