முகவரியோடு ஒரு விண்ணப்பம்

திருநெல்வேலியிலிருந்து மைசூருக்கு மாற்றலாகி வந்தபோது என் மனைவிக்கு மூன்று மாதம். யாருக்கும் சொல்லவில்லை. முன்பு இரண்டு முறை ஊருக்கெல்லாம் சொல்லி, இரண்டு முறையும் கலைந்து, விசாரிக்க வந்தவர்களுக்கு நாங்களே காபி போட்டுக் கொடுத்து அலுத்திருந்தோம். இந்த முறை அவள் அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை.

எனக்கு நஞ்சன்கூட்டில் தொழிற்சாலை வேலை. காலை ஏழுக்குப் போனால் திரும்ப மாலை ஏழாகும். அவள் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கன்னடத்தில் அவளுக்கு 'வேண்டாம்' மட்டும் தெரியும். வாசலில் யார் வந்து என்ன கேட்டாலும், படுத்தபடி அதையே சொல்லி அனுப்பினாள்.

ஞாயிறு காலை நான் மட்டும் தமிழ் ஆராதனைக்குப் போவேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டு முடிவதற்குள் வெளியேறிவிடுவேன். சபையில் யாரும் என்னிடம் பேசுவதில்லை என்று ஒரு குறையும் வைத்திருந்தேன்.

வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி இருந்தது. எங்கள் ஊரில் அந்தச் சீட்டுகளைப் போதகர் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தனியாக ஜெபிப்பார். இங்கேயும் அப்படித்தான் என்று நம்பி மனதில் இருந்ததையெல்லாம் எழுதினேன். சீட்டில் முகவரிக்கு இடம் விட்டிருந்தார்கள். இடம் விட்டால் நிரப்பிவிடுகிற ஆள் நான்.

அடுத்த ஞாயிறு போதகர் அதை மைக்கில் வாசித்தார். "இரண்டு முறை கலைந்தது. இதுவாவது தங்க வேண்டும். பகலெல்லாம் தனியாக இருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளையார் கோயில் பின்புறம், நீல கேட், மாடி வீடு." சபையார் ஆமென் என்றார்கள்.

ஆராதனை யூடியூபிலும் வரும். அவள் படுத்தபடி அதைப் பார்ப்பாள். அன்று வீட்டுக்கு மிக மெதுவாக நடந்தேன்.

"எங்கம்மாவுக்கே தெரியாது. இப்ப மைசூருக்கே தெரியும்" என்றாள். பிறகு, "பயமா இருக்குன்னு எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே" என்றாள்.

அதற்குள் காலிங் பெல் அடித்தது. நான்கு பெண்கள், கையில் சாப்பாட்டுத் தூக்குகளோடு. பெண்கள் சங்கமாம். எந்தக் கிழமை யார் வருவது என்று சபையிலேயே பேசி முடித்துவிட்டு வந்திருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற நர்ஸ். யாரையும் கேட்காமல் அவள் நாடியைப் பிடித்தார்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றேன்.

"பிரதர், நீங்க சும்னே இருங்க" என்று பாதிக் கன்னடத்தில் அடக்கினார் நர்ஸ்.

அன்றே அவள் அம்மாவிடமும் சொன்னோம். அங்கே மாமனார் படுத்த படுக்கை; மாமியாரால் வர முடியவில்லை. இவர்கள் தினமும் வந்தார்கள். என் மனைவி கோபத்தில் கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தாள். புதன்கிழமை வருகிறவர் ராமாபுரத்துக்காரம்மா. வந்த முதல் நாளே, "நீ பாட்டுக்குக் கோவமா இரு கண்ணு. எங்கூட்டுல பேரப்புள்ளைங்க தூங்கவே உடறதில்ல" என்று சோபாவில் சாய்ந்து குறட்டை விட்டார். பொய்த் தூக்கம் அந்த நிஜத் தூக்கத்தோடு எத்தனை நாள் போட்டி போடும்? மூன்றாவது புதன்கிழமை, குறட்டையைக் கேட்கச் சொல்லி எனக்குப் போன் செய்தாள். இந்த ஊருக்கு வந்தபிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

எட்டாம் மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம், தொழிற்சாலைக்குப் போன் வந்தது. "பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. ஆட்டோவுல ஏத்திட்டேன். நீங்க பஸ்ஸப் புடிங்க" என்றார் ராமாபுரத்து அம்மா.

மைசூர் பஸ் எல்லா நிறுத்தத்திலும் நின்றது. போன முறைகளில் டாக்டர்கள் என்னென்ன வார்த்தைகள் சொன்னார்கள் என்பது ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது. ஜெபிக்க முயன்றேன். 'ஆண்டவரே' என்பதற்குமேல் எதுவும் வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண்கள் சங்கம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. பிரசவ அறை வாசலில் ஒரு சிஸ்டர் என்னைத் தடுத்தார். வீட்டு ஆள் ஒருவருக்குத்தான் அனுமதி, அவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று கன்னடத்தில் சொன்னார்.

"நான் கணவன்" என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டு வந்தார். ராமாபுரத்து அம்மாவை வெளியே அனுப்ப முடியாதாம். என் மனைவி அவர் கையை விட மறுக்கிறாளாம்.

பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்கள். உட்காரும்முன் உள்ளே குழந்தை அழுதது. எட்டு மாதத்துக்கு அது பெரிய சத்தம்தான் என்றார் சங்கத்து நர்ஸ். வெளியே இருந்தவர்களில் முதலில் அழுதது நான்தான்.